இறக்கத்தில் போன நேரம்: மலைச் சைக்கிள் விழாவில் மட்டக்களப்பு அணியொன்றின் மூன்று நாட்கள்

நுவரெலியாவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கடந்த ஆகஸ்ட் மாதம் வெள்ளி முதல் ஞாயிறு வரை நடைபெற்ற மலைச் சைக்கிள் விழாவில், மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து நால்வர் கொண்ட எங்கள் அணி முதன்முறையாகப் பங்குபற்றியது. பயிற்சிப் பொறுப்பு என்னுடையது. திரும்பி வந்ததும் ஊரில் சந்தித்தவர்கள் எல்லோரும் கேட்ட முதற் கேள்வி, அந்த மலையில் உங்களால் ஏற முடிந்ததா என்பதுதான். ஏறினோம், எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஏறினோம். நாங்கள் பின்தங்கியது இறங்கும்போது. மூன்று நாட்களிலும் எங்கள் கைத்தொலைபேசிகளில் எடுத்த நேரக் குறிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது இது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. அதற்கான காரணங்களில் பெரும்பாலானவை அந்தத் தோட்டத்தில் உருவானவை அல்ல. அவை கல்லடிக் கடற்கரை மணலிலும், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் கிறவல் (செம்மண் சரளை) வீதிகளிலும், பயிற்சிக் காலத்தில் நான் எடுத்த ஒரு முடிவிலும் தொடங்கியவை. அவற்றை ஒழுங்காக எழுதி வைப்பது, அடுத்த முறை செல்லவிருக்கும் எங்களுக்கும் எங்களைப் போன்ற சமவெளி ஊர்களிலிருந்து மலைக்குச் செல்ல நினைக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

அணியும் பயிற்சியும்

அணியில் கொக்கட்டிச்சோலையைச் சேர்ந்த 21 வயது இளைஞர் ஒருவர், ஏறாவூரைச் சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவர், களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்த, நாற்பதை நெருங்கும் மூத்தவர் ஒருவர், ஆரையம்பதியைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் என நால்வர். இவர்களுடன் காத்தான்குடியிலிருந்து சைக்கிள் திருத்துநர் ஒருவர் வந்தார். வயதில் மூத்தவரான அவரை நாங்கள் எல்லோரும் நானா என்றே அழைப்போம். நான்கு சைக்கிள்களும் அலுமினியச் சட்டமும் 29 அங்குலச் சில்லும் முன்பக்கம் மட்டும் அதிர்வு தாங்கியும் கொண்டவை. கொக்கட்டிச்சோலை இளைஞருடையதும் ஆசிரியையுடையதும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக் உடையவை. ஏனைய இரண்டும் வயரால் இழுக்கப்படும் டிஸ்க் பிரேக் உடையவை. களுவாஞ்சிக்குடி மூத்தவரின் சைக்கிள் ஐரோப்பாவிலிருந்து கொள்கலனில் வந்த பழைய சைக்கிள். இந்த விவரம் பின்னர் முக்கியமாகும்.

பயிற்சி 14 வாரங்கள் நடந்தது. வைகாசி முடிந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால், பகல் பத்து மணிக்குப் பிறகு படுவான்கரையில் மேற்கு நோக்கிச் சைக்கிள் மிதிப்பது எவ்வளவு கடினம் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். வயல் வெளியில் தடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல், வெந்த காற்று நேரே முகத்தில் அறையும். கொக்கட்டிச்சோலையிலிருந்தும் வவுணதீவிலிருந்தும் உன்னிச்சைக் குளக்கட்டு வரை அந்தக் காற்றுக்கு எதிராக ஒரே சீராக மிதிப்பதை வாரத்தில் மூன்று நாட்கள் செய்தோம். எங்கள் கரையோரத்தில் மேடு என்று சொல்ல வாவிக்கு மேலே போகும் பாலங்களைத் தவிர ஒன்றும் இல்லாததால், காற்றையே எங்கள் மலையாக வைத்துக்கொண்டோம். இந்தக் கணிப்பு சரியானது. எதிர்காற்றில் நீண்ட நேரம் குறையாத விசையுடன் மிதித்துப் பழகிய கால்களுக்கு ஏற்றம் அந்நியமாக இருக்கவில்லை. சனிக்கிழமை காலையில் அது நிரூபணமாயிற்று.

கல்லடிக் கடற்கரையில் வாரத்தில் ஒரு நாள் மணலில் ஓடவிட்டேன். சமநிலைக்கும் கால் வலுவுக்கும் அது நல்ல பயிற்சி. ஆனால் மணலில் முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சில்லு புதைந்து, கைபிடி திரும்பி, ஓட்டுபவர் விழுவார். அதனால் மணலில் ஓடுகிறவர் முன் பிரேக்கை மறக்கக் கற்றுக்கொள்கிறார். சிறுவயதிலேயே எங்கள் ஊரில் எல்லோரும் கேட்டு வளர்ந்த எச்சரிக்கையும் அதுதான்: முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புறக் கவிழ்த்துவிடும். பதினான்கு வாரங்களும் நான் அந்தப் பயத்தை அறியாமலே வளர்த்துக்கொண்டிருந்தேன்.

மலைக்கு ஒத்திகையாக இரண்டு முறை சென்றோம். செங்கலடியிலிருந்து கறடியனாறு, மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை வழியாகப் பதுளைக்குச் செல்லும் ஏ-5 நெடுஞ்சாலை எங்கள் வாசலிலிருந்து மலைநாட்டுக்குப் போகும் நேர்ப் பாதை. லுணுகலைக்கும் பசறைக்கும் இடையில் அது வளைந்து வளைந்து ஏறுகிறது. அங்கே நால்வரும் இரண்டு தடவைகள் ஏறினார்கள். இறங்குவதற்கு மட்டும் சைக்கிள்களை வாடகை வானில் ஏற்றி, நால்வரையும் உள்ளே அமர்த்திக் கீழே கொண்டுவந்தேன். வளைவுகளில் பஸ்களும் லொறிகளும் வேகமாக வரும் பாதை அது. பிள்ளைகளின் உயிருக்கு நான் பொறுப்பு. பாதுகாப்பு என்ற அளவில் அந்த முடிவை இன்றும் நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் போட்டிக்கு முன் எங்கள் அணியினர் வாழ்நாளில் ஒரு நீண்ட இறக்கத்தையேனும் சைக்கிளில் இறங்கியிருக்கவில்லை என்ற உண்மையை அந்த முடிவே உண்டாக்கியது. இறங்குவதற்கு வேறொரு பாதுகாப்பான இடம் தேடியிருக்க வேண்டும். இறக்கத்தில் உழைப்பு இல்லை, ஆகவே பயிற்சியும் தேவையில்லை என்று நான் மனத்துக்குள் எண்ணியிருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை

விடியற்காலை புறப்பட்டு வெலிமடை வரை வறண்ட, காற்றடிக்கும் ஊவாவின் வழியே சென்றோம். ஹக்கலையைத் தாண்டி நுவரெலியாவை நெருங்கியதும் மூடுபனியும் தூறலும் தொடங்கின. இதில் எங்களை யோசிக்க வைத்த ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி ஏறி, தன் நீரையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது சூடாகி உலர்ந்து எங்கள் கரைக்குக் கச்சானாக வந்து சேர்கிறது. மூன்று மாதங்களாக எங்கள் தொண்டையை வறளச் செய்த அதே காற்றுத்தான் அந்தப் போட்டிப் பாதையைச் சேறாக்கிக்கொண்டிருந்தது. இதை நான் புத்தகத்தில் அறிந்திருந்தேன். ஆயினும் ஆகஸ்டில் எங்கள் மண் காய்ந்து கிடப்பதைப் பார்த்துப் பார்த்து, டயர் தெரிவு செய்யும்போது அதைக் கணக்கில் எடுக்கத் தவறினேன். உலர்ந்த கிறவலுக்கு ஏற்ற, தாழ்ந்த பற்கள் நெருக்கமாக அமைந்த டயர்களுடன் வந்திருந்தோம். அந்தப் பற்களின் இடைவெளி முதற் பயிற்சிச் சுற்றிலேயே செம்மண் களியால் நிரம்பி வழுவழுப்பாகிவிட்டது.

டயர் அழுத்தம் பற்றி ஒரு சிறு குறிப்பு. கடல் மட்டத்தில் அடித்த காற்று மலையேறினால் கூடுதல் அழுத்தம் காட்டும் என்று சொல்வார்கள். வெளிக் காற்றின் அழுத்தம் குறைவதால் அது உண்மையே. ஆனால் மட்டக்களப்பின் வெயிலில் அடித்த காற்று அந்தக் குளிரில் சுருங்கவும் செய்கிறது. நானா அங்கே அளந்து பார்த்தபோது இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுசெய்து, மானி ஊரில் காட்டிய அளவையே காட்டியது. எங்கள் பிழை மலையில் ஏற்பட்டதல்ல. ஊரிலேயே நாங்கள் தேர்ந்த அளவு சேற்றுக்கு மிக அதிகம். வெள்ளி மாலை எல்லோரும் காற்றைக் குறைத்தோம். ரியூப் போட்டு ஓடிய இருவரால் ஓர் அளவுக்கு மேல் குறைக்க முடியவில்லை, ஏனெனில் கல்லில் மோதும்போது சில்லு விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே ரியூப் நசுங்கி, பாம்பு கொத்தியது போல இரு துளை விழும்.

சனிக்கிழமை: ஒரே நாளில் இரு சோதனைகள்

விழாவின் ஒழுங்கு எங்கள் ஆய்வுக்கு மிகவும் வாய்ப்பாக அமைந்தது. சனி காலையில் ஏற்றத்துக்கு மட்டும் தனிநபர் நேர ஓட்டம், மாலையில் இறக்கத்துக்கு மட்டும் தனிநபர் நேர ஓட்டம், ஞாயிறு இரண்டையும் கொண்ட முழுச் சுற்றோட்டம். ஒரே மனிதரின் இரு திறன்களும் ஒரே நாளில் வெவ்வேறாக அளக்கப்பட்டன.

காலை ஏற்றம் 3.2 கிலோமீற்றர் நீளமும் 240 மீற்றர் உயரமும் கொண்டது. கொழுந்து மலைகளுக்கு இடையே போகும் கல் பாவிய தோட்டப் பாதை. கொக்கட்டிச்சோலை இளைஞர் 14 நிமிடம் 50 விநாடியில் மேலே சென்று, 41 பேரில் ஆறாவதாக வந்தார். முதலிடம் பெற்றவரின் நேரம் 13 நிமிடம் 58 விநாடி. வித்தியாசம் 52 விநாடி, அதாவது நூற்றுக்கு ஆறு அளவு. கடல் மட்டத்திலிருந்து முதல் நாள் வந்தவர், காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்த இடத்தில், மலையில் பிறந்து வளர்ந்தவர்களுடன் ஓடி எடுத்த நேரம் அது. கச்சான் காற்று கற்பித்த பாடத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அன்று பகலில் எங்கள் முகாமில் இருந்த மகிழ்ச்சியை எழுதாமல் விடமுடியாது. ஏறாவூர்த் தம்பி உம்மாவுக்குத் தொலைபேசியில், "நம்மட ஆள் ஆறாவதும்மா, மலைக்காரனுகளோட ஓடி ஆறாவது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலை இறக்கம் 1.8 கிலோமீற்றர். தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையாகத் தொடங்கி, யூக்கலிப்டஸ் தோப்புக்குள் வேர்கள் குறுக்கே கிடக்கும் வளைவுகளாக மாறி, கடைசியில் கற்படிகளாக விழுகிறது. காலையில் ஆறாவதாக வந்த அதே இளைஞர் 33 ஆவதாக வந்தார். முதலாமவருக்கு 4 நிமிடம் 5 விநாடி. அவருக்கு 5 நிமிடம் 31 விநாடி. 86 விநாடி என்பது நூற்றுக்கு முப்பத்தைந்து. காலையில் 14 நிமிட ஓட்டத்தில் இழந்ததைவிட அதிகமான நேரத்தை, உழைப்பே இல்லை என்று நான் நினைத்திருந்த நான்கு நிமிட ஓட்டத்தில் இழந்தார்.

ஏறாவூர் இளைஞருக்கு நேர்ந்ததைத் தனியே சொல்ல வேண்டும். மதியம் அவரது சைக்கிளின் முன் பிரேக் வயர் இழை இழையாகப் பிரிந்திருப்பது தெரிந்தது. ஓட்டத்துக்கு அரை மணித்தியாலம்கூட இல்லாததால், இறக்க ஓட்டத்தில் பங்குபற்றாத மூத்தவரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார். நம் நாட்டுச் சைக்கிள்களில் வலது கைப்பிடி முன் பிரேக்கையும் இடது கைப்பிடி பின் பிரேக்கையும் இயக்கும். இடது பக்கம் வாகனம் ஓட்டும் இங்கிலாந்து, ஜப்பான் போன்ற நாடுகளின் வழக்கமும் அதுவே. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளிலும் அமெரிக்காவிலும் இது தலைகீழ். மூத்தவரின் சைக்கிள் அப்படித்தான் வந்திருந்தது. அவர் இரண்டு வருடங்களாக அதில் ஓடிப் பழகியிருந்ததால் மாற்றவில்லை. மூன்றாவது வளைவில் பின் பிரேக் என்று நினைத்து இளைஞர் இடது கையை இறுக்கிப் பிடித்தார். ஈர வேரின் மேல் முன் சில்லு நின்றது. முழங்கை தோல் உரிந்ததோடு தப்பினார். அந்த இடத்துக்கு அப்பால் பத்து அடியில் கற்கள் இருந்தன. வயரைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டுவது நானாவுக்கு அரை மணித்தியால வேலை. ஓர் அணிக்குள் எல்லாச் சைக்கிள்களிலும் பிரேக் பிடிகள் ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும் என்பதை நான் புறப்படுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். இது எங்கள் பிழைகளில் மிக எளிதாகத் தவிர்த்திருக்கக் கூடியது. மிகப் பெரிய விலையைக் கேட்டிருக்கக் கூடியதும் அதுவே.

குளிரும் தன் பங்கைச் செய்தது. முப்பது பாகை வெப்பத்தில் வாழ்பவர்கள் நனைந்த உடுப்புடன் வரிசையில் முக்கால் மணித்தியாலம் நின்றார்கள். மழை அங்கியோ விரல் மூடிய கையுறையோ எங்களிடம் இல்லை. விறைத்த விரல் பிரேக்கின் மென்மையான அளவுகளை அறியாது. ஒன்றில் விட்டுவிடும், அல்லது முழுக்க இறுக்கும். பாதையோரம், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நின்ற அம்மா ஒருவர், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் தன் படங்கைக் கொண்டுவந்து பிள்ளைகளின் தோளில் போர்த்தி, "கை விறைச்சிப் போனா பிரேக்கு எப்புடி தம்பி புடிப்பீங்க, இந்தாங்க சாயத்தண்ணி" என்று சுடச்சுடக் கோப்பையைக் கையில் வைத்தார். மூன்று நாட்களில் நாங்கள் கேட்ட மிகச் சரியான தொழில்நுட்ப ஆலோசனை அவருடையது.

ஆசிரியையின் கணக்கு

இங்கே ஒரு கேள்வி எழும். சமவெளியில் பிறந்தவர்களுக்கு இறக்கம் வராதா? எங்கள் அணிக்குள்ளேயே அதற்கு மறுப்பு இருந்தது. ஆசிரியை ஏற்றத்தில் பெண்கள் பிரிவின் ஒன்பது பேரில் ஏழாவது. இறக்கத்தில் மூன்றாவது, முதலாமவரைவிட இருபது விநாடி மட்டுமே பின்னால். அவரும் ஆரையம்பதி மணலில் சைக்கிள் பழகியவர்தான். ஆனால் அவரது முதல் நியமனம் பதுளை மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில். மூன்று வருடங்கள் மழையிலும் பனியிலும் ஸ்கூட்டரில் அந்தத் தோட்டப் பாதைகளில் தினமும் இறங்கியிருக்கிறார். முன் பிரேக்கோடு அவருக்குப் பகை இல்லை.

அன்றிரவு நாங்கள் தங்கியிருந்த மண்டபத்தில், ஒரு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவைத்து அவர் இளைஞர்களுக்கு விளக்கினார்: "தம்பி, நீங்க மேல இருந்து கீழ வரைக்கும் பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டே வாறீங்க. அப்படிப் பிடிச்சா வளைவுக்குள்ள சில்லுக்குத் திரும்பவும் பிடி இருக்காது, நிக்கவும் பிடி இருக்காது. வளைவுக்கு முன்னால நேரான இடத்தில நல்லாப் பிடிங்க, ரெண்டு பிரேக்கையும். வளைவுக்குள்ள விட்டுடுங்க." ஏறாவூர்த் தம்பி, "முன்னுக்குப் பிடிச்சா கவிழும்தானே டீச்சர்?" என்றார். "இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோங்க, குதிகாலைத் தாழ்த்துங்க, ஒரு விரலால மட்டும் பிடிங்க. கவிழாது" என்றார் அவர்.

அவர் சொன்னதன் இயல்பு எளிது. வேகம் குறையும்போது பாரம் முன் சில்லுக்கு மாறுகிறது. இறக்கத்தில் அது ஏற்கெனவே முன்னுக்குச் சாய்ந்திருக்கிறது. பாரம் இல்லாத பின் சில்லு தரையைப் பற்றாது, பூட்டிக்கொண்டு இழுபடும். ஆகவே பின் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவருக்குப் பிரேக்கின் பெரும்பகுதி இல்லாமலே போகிறது. அந்தக் குறையைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வருவதால் சரிக்கட்டப் பார்க்கிறார். அங்கிருந்துதான் ஞாயிற்றுக்கிழமையின் சிக்கல் பிறந்தது.

ஞாயிற்றுக்கிழமை: சுற்றுச் சுற்றாக

சுற்று 4.6 கிலோமீற்றர்: 1.8 கிலோமீற்றர் ஏற்றம், 1.7 கிலோமீற்றர் இறக்கம், மீதி சமதரை. உயர வித்தியாசம் 130 மீற்றர். ஆண்களுக்கு ஐந்து சுற்று, பெண்களுக்கு மூன்று. ஏற்றத்தின் உச்சியில் ஒருவரையும் இறக்கத்தின் அடியில் ஒருவரையும் நிறுத்தி நேரம் குறித்தோம். முதற் சுற்றில் முன்னணி வீரர் 16 நிமிடம் எடுத்தார்; கொக்கட்டிச்சோலை இளைஞர் 17 நிமிடம் 20 விநாடி. அந்த 80 விநாடியில் 15 விநாடி ஏற்றத்திலும் 5 விநாடி சமதரையிலும் 60 விநாடி இறக்கத்திலும் போயின. முதல் நாள் இறக்க ஓட்டத்தோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான். ஆசிரியையின் இரவு வகுப்பு பலனளித்திருந்தது. ஆயினும் இழந்த நேரத்தில் நான்கில் மூன்று பங்கு இன்னமும் இறக்கத்திலேயே இருந்தது.

இரண்டாவது சுற்று 17 நிமிடம் 40 விநாடி, மூன்றாவது 18 நிமிடம் 10 விநாடி. நான்காவது சுற்றின் இறக்கத்தில், உலோகம் உலோகத்தில் உரசும் ஓசை மேலேயிருந்து எங்களுக்கு முதலில் கேட்டது, பிறகுதான் அவர் கண்ணில் பட்டார். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பின் பிரேக் பேட் முழுவதும் தேய்ந்து, அடித்தகடு டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது. போட்டி விதிப்படி சைக்கிளை மாற்ற முடியாது. தொழில்நுட்ப வலயத்தில் திருத்த மட்டும் முடியும். நானா இரண்டு நிமிடம் இருபது விநாடியில் புதிய பேட் போட்டு அனுப்பினார். அந்தச் சுற்று 20 நிமிடம் 50 விநாடியாயிற்று. ஐந்தாவது சுற்றிலும் தொல்லை தீரவில்லை, ஏனெனில் புதிய பேட் டிஸ்க்கோடு உரசிப் பொருந்தும் வரை பிரேக் முழுதாகப் பிடிக்காது. அதற்கு மிதமான வேகத்தில் இருபது தடவையாவது பிடித்து விடவேண்டும். போட்டியின் நடுவே அதற்கு இடமில்லை. 18 நிமிடம் 30 விநாடியில் அதை முடித்து, மொத்தம் 92 நிமிடம் 30 விநாடியில் 19 ஆவதாக வந்தார்.

இந்தத் தேய்வு திடீரென்று நேர்ந்ததல்ல. புதிய பேட்டின் உரசும் பகுதி ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு. அரை மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் மாற்றவேண்டும். சனி இரவு நானா சில்லைக் கழற்றி வெளிச்சம் பிடித்துப் பார்த்து, "நாளைக்கி அஞ்சு சுத்துக்கு இது தாங்காது சேர், இப்பவே மாத்துவம்" என்றார். எங்களிடம் அந்த வகையில் ஒரே ஒரு சோடி மேலதிகமாக இருந்தது. அதை அவசரத்துக்கு வைத்திருப்போம் என்று நான் சொன்னேன். அன்றிரவே மாற்றி, காலையில் சமதரையில் பொருந்தவைத்திருந்தால் நான்காம் சுற்றில் இழந்த நேரம் மிஞ்சியிருக்கும். அனுபவமுள்ள ஒருவர் கையில் பொருளை வைத்துக்கொண்டு சொன்னதை, பொருளைப் பார்க்காமல் நான் மறுத்தேன்.

ஒரே வாரஇறுதியில் ஒரு பேட் எப்படி இவ்வளவு தேய்ந்தது? ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், 130 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 102 கிலோயூல். ஒரு லீற்றர் தண்ணீரின் வெப்பநிலையை 24 பாகை உயர்த்த அது போதும். காற்றும் டயரும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டாலும் பெரும்பகுதியைப் பிரேக்கே வெப்பமாக்கி வெளியேற்ற வேண்டும். இதே எடை மட்டக்களப்பு வீதியில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒரு முறை நிற்பதற்கு இரண்டு கிலோயூலும் தேவையில்லை. ஆகவே அந்த ஓர் இறக்கம், ஊரில் ஐம்பதுக்கு மேற்பட்ட தடவை பிரேக் பிடித்து நிற்பதற்கு ஈடு. ஐந்து சுற்றுகள், பயிற்சி ஓட்டங்கள், சனிக்கிழமை ஓட்டம் எல்லாம் சேர்ந்தால் எங்கள் ஊரில் பல மாதங்களில் தேயாதது மூன்று நாட்களில் தேய்வது வியப்பல்ல. அதிலும் எங்கள் சைக்கிள்களில் இருந்தவை பிசின் கலந்த பேட்கள். உலர்ந்த இடத்தில் சத்தமின்றி நன்றாகப் பிடிக்கும் அவை, மணல் கலந்த சேற்றில் விரைவாகக் கரையும். உலோகத் தூள் அழுத்திச் செய்த பேட் அந்தச் சேற்றுக்கு நெடுநேரம் தாங்கும். எண்ணெய் பிரேக்கின் இன்னொரு இயல்பும் எங்களை ஏமாற்றியது: பேட் தேயத் தேய அது தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்வதால், பிடியில் வித்தியாசம் தெரியாது. வயர் பிரேக்கில் பிடி மெல்ல மெல்லக் கைக்கு நெருங்கி வந்து எச்சரிக்கும். மாறாக, அங்கே திருகி இறுக்கும் வேலை ஓட்டுபவருடையது. ஏறாவூர்த் தம்பி ஒவ்வொரு சுற்றிலும் சமதரையில் அதைத் திருகிக்கொண்டே ஓடி 27 ஆவதாக முடித்தது பாராட்டுக்குரியது.

இந்த விளையாட்டின் பிறப்பையே இங்கு நினைத்துக்கொள்கிறேன். 1976 இல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், பழைய கனத்த சைக்கிள்களில் ஒரு தீத்தடுப்புப் பாதையில் இறங்கிப் போட்டியிட்டவர்கள், ஒவ்வோர் ஓட்டத்திலும் பின் சில்லுக் குடத்துக்குள் இருந்த பிரேக்கின் கிறீஸ் வெந்து புகையாகிப் போவதையும் மறுபடி கிறீஸ் நிரப்ப வேண்டியிருப்பதையும் கண்டு, அந்த ஓட்டத்துக்கே 'ரீபெக்', அதாவது மறுபடி நிரப்புதல், என்று பெயர் வைத்தார்கள். இருபது ஆண்டுகளில், 1996 அட்லாண்டாவில், அது ஒலிம்பிக் விளையாட்டாயிற்று. பிரேக் வெந்துபோகும் பிரச்சினையிலிருந்து பெயர் பெற்ற ஓட்டத்தின் வழிவந்த ஒரு போட்டிக்கு நாங்கள் ஒரு சோடிப் பேட்டுடன் போயிருந்தோம்.

மூத்தவரின் ஓட்டம் நான்காம் சுற்றோடு நின்றது. முன்னணி வீரரின் முதற் சுற்று நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பின்தங்குபவரை நிறுத்திவிட வேண்டும் என்பது சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியத்தின் விதி. இங்கு அந்த எல்லை 12 நிமிடம் 48 விநாடி. நான்காம் சுற்று முடிவில் அவர் 13 நிமிடத்துக்கு மேல் பின்னால் இருந்தார். அவரது குறிப்பிலும் இழப்பின் பெரும்பகுதி இறக்கத்திலேயே. வழுக்கும் இடங்களில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருப்பவர் அப்படிச் செய்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆசிரியை மூன்று சுற்றையும் முடித்து ஐந்தாவதாக வந்தார். கடைசி இறக்கத்தில் மட்டும் இருவரை முந்தினார்.

கிறவல் குழி

திரும்பி வந்த வாரத்திலேயே, மலையில்லாத ஊரில் இறக்கத்தை எங்கே பழகுவது என்று தேடத் தொடங்கினோம். குளக்கட்டுகளின் சரிவு முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால் சைக்கிள் தடங்கள் கட்டை அரிக்கும், வயலை நம்பியிருப்பவர்களுக்கு அது தீங்கு, ஆகவே அதை விட்டோம். குடும்பிமலைப் பக்கம் போகலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள்; யானை நடமாடும் காட்டில் தனியே ஓடவிட எனக்கு மனமில்லை. கடைசியில் கொக்கட்டிச்சோலை இளைஞரின் மாமாவுக்குச் சொந்தமான காணியில், தோண்டி முடித்துக் கைவிடப்பட்ட ஒரு கிறவல் குழி கிடைத்தது. அதன் ஒரு பக்கம் ஏழு மீற்றர் உயரச் சரிவு. நாற்பது முறை இறங்கினால் 280 மீற்றர். போட்டிச் சுற்றின் இரண்டு இறக்கங்களுக்கு மேல். ஏறுவது ஒவ்வொரு முறையும் இலவசமாகக் கிடைக்கிறது.

அங்கே வாரத்தில் இரண்டு மாலை ஆசிரியைதான் பயிற்சி கொடுக்கிறார். சரிவின் நடுவே செங்கல் வரிசை ஒன்று. அதற்கு மேலே மட்டும் பிரேக் பிடிக்கலாம், அதற்குக் கீழே விரல் பிடியில் படக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றிச் சரிவை நனைத்துக்கொள்கிறோம். நானா மூத்தவரின் சைக்கிளிலும் முன் பிரேக்கை வலது கைக்கு மாற்றி, நான்கு சைக்கிள்களிலும் உலோகப் பேட் போட்டிருக்கிறார். ஒவ்வொரு சைக்கிளுக்கும் இரண்டு சோடிப் பேட்கள், ஏற்கெனவே உரசிப் பொருந்தவைத்து, பெயரெழுதிய உறையில் அவரது பெட்டிக்குள் இருக்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை மலைநாட்டுக்குப் போகும் செலவுக்கு வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன். போகும்போது ஏற்றத்தை வானில் ஏறி, இறக்கத்தைச் சைக்கிளில் இறங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். வாகனம் குறைந்த ஒரு தோட்டப் பாதையைக் காட்டித் தருவதாக ஆசிரியை தன் பழைய பாடசாலைப் பெற்றோர் ஒருவரிடம் பேசியிருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை மாலை, ஏறாவூர்த் தம்பி முப்பதாவது இறக்கத்தில் செங்கல் வரிசைக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் பிடித்து, வரிசையில் விரலை விட்டு, ஈரமான அடிவளைவில் கால் ஊன்றாமல் திரும்பி மேலே வந்தார். முழங்கைக் காயத்தின் தழும்பு இன்னும் சிவந்திருந்தது. "இன்னொருக்காப் போறன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.